பாசிட்டிவ் வந்ததும் முதல் போன் யாருக்கு?

யாருக்கோ கோவிட் பாசிட்டிவ் என்று காதில் விழுந்ததும் நம் வாயில் முதலில் வருவது "எங்கே போனாராம்? யாரிடமிருந்து வந்ததாம்?" என்ற கேள்விதான். உடம்பு எப்படி இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறதா என்ற விசாரிப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான். பல நேரம் அது வருவதே இல்லை. தொற்று ஏறுகிற ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்கிறேன். இந்தக் கேள்வி வைரஸுக்குச் செய்கிற உதவி கொஞ்சநஞ்சமல்ல என்பது என் உறுதியான எண்ணம். கொஞ்சம் விளக்கமாகவே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலை வரும்போது அன்றாட வாழ்க்கை எப்படி மாறும் என்பது இப்போது எல்லோருக்கும் அத்துப்படி. முதலில் அது செய்தியில் ஓர் எண். அப்புறம் நண்பரின் நண்பர், அப்புறம் மேல்மாடிக்காரர், அப்புறம் சொந்தத்தில் ஒருவர். தொண்டை லேசாகக் கரகரத்தாலே தூக்கம் போய்விடுகிறது. அலுவலகத்தில் ஒருவர் இருமினால் அறையே திரும்பிப் பார்க்கிறது. உடம்பில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்குக் கை மாறுகிறது. எங்கிருந்தோ வந்த ஆடியோ ஒன்று குடும்ப வாட்ஸப் குழுவில் விழுகிறது, ஒருவர் நம்புகிறார், ஒருவர் சண்டை போடுகிறார், மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். கடைகளில் அலமாரி காலியாகிறது. 2020 மார்ச்சில் எத்தனையோ நாடுகளில் டாய்லெட் பேப்பருக்காக மக்கள் வரிசையில் நின்றதை உலகமே பார்த்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பக்கத்தில் வந்துவிட்டது என்றால் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். வாங்கிக் குவிப்பதால் வரும் கெடுதல் சில வாரங்களில் சரியாகிவிடும். குற்றவாளியைத் தேடுவதால் வரும் கெடுதல் அத்தனை சீக்கிரம் சரியாவதில்லை.

முந்தைய அலை ஒன்றின்போது நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை சக ஊழியர் ஒருவர் குழுவில் செய்தி போட்டார். தனக்கு பாசிட்டிவ், வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் தன்னோடு இருந்தவர்கள் தயவுசெய்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சில நாள் தள்ளி இருங்கள் என்று ஒவ்வொன்றையும் தெளிவாக எழுதியிருந்தார். அதைவிட நல்ல செய்தியை அந்தக் குழுவில் நான் படித்ததில்லை. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் வந்த பதில்கள்! உடம்பு சரியில்லை என்றால் ஏன் வந்தீர்கள் என்று ஒருவர். வெள்ளிக்கிழமை அவருக்கு ஒன்றுமே இல்லை, சனிக்கிழமை ராத்திரிதான் காய்ச்சல் தொடங்கியது என்று அவரே எழுதியிருந்தும் இந்தக் கேள்வி. இன்னொருவர் போன வாரம் அவர் ஒரு விசேஷத்துக்குப் போய் எடுத்த படத்தைத் தேடிப் பிடித்துக் குழுவில் போட்டார். "நன்றி, சீக்கிரம் குணமாகுங்கள்" என்று எழுதியவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான்.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த அலை ஓயும்வரை அந்தக் குழுவில் வேறு ஒருவரும் தனக்கு பாசிட்டிவ் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் "சொந்த வேலை" இருந்தது, "வயிற்று உபாதை" இருந்தது, ஒருவருக்குத் திடீரென்று உறவினர் வீட்டுக் காரியம் இருந்தது. பல மாதம் கழித்து, பேச்சோடு பேச்சாக, அப்போது எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரைக்கூடக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே நோயின் தன்மையைக் கொஞ்சம் பேச வேண்டும். "உடம்பு சரியில்லாமல் ஏன் வந்தீர்கள்" என்ற கேள்வி பெரும்பாலும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இந்த வைரஸ் நடந்துகொள்ளும் விதம். காய்ச்சலோ இருமலோ தெரிவதற்கு முன்பே, அந்த நபர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே, மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. 2020 ஏப்ரலில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பரவலில் சுமார் 44 சதவீதம் அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய நாட்களிலேயே நடந்துவிடுகிறது என்று கணித்தது. வேறு ஆய்வுகளில் இந்த எண் கூடக்குறைய வரலாம், ஆனால் விஷயம் மாறாது. காய்ச்சல் வந்த பிறகு வீட்டுக்குள் இருந்துகொள்வது மட்டும் போதாது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் யாரோடு உட்கார்ந்திருந்தோமோ அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவர்களும் இன்று நன்றாகத்தான் இருப்பார்கள், நாளை வேறொருவரோடு உட்காரப் போகிறார்கள். அந்த நாளைக்கு முன்னால் நம் போன் போய்ச் சேர வேண்டும்.

நேரம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். தொடக்க காலத்து வைரஸில் ஒருவருக்கு அறிகுறி தெரிந்து, அவரிடமிருந்து தொற்றியவருக்கு அறிகுறி தெரிய சராசரியாக 5 நாள் அளவு ஆனது. பின்னால் வந்த ஓமிக்ரான் வகையில் அது 3 நாள் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒருவர் இருவருக்குக் கொடுக்கிறார் என்று வைத்தால், 5 நாளுக்கு ஒரு தலைமுறை என்ற கணக்கில் 30 நாளில் 6 தலைமுறை, கடைசித் தலைமுறையில் மட்டும் 64 பேர். அதே 30 நாளில் 3 நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் 10 தலைமுறை, 1024 பேர். "நாளைக்குச் சொல்லலாம், ரிசல்ட் கையில் வரட்டும், இப்போது ஏன் பயமுறுத்த வேண்டும்" என்று ஒரு நாள் தள்ளிப்போடுவது இந்தக் கணக்கில் பெரிய விஷயம். சந்தேகம் வந்த அன்றே சொல்லிவிடலாம், பிறகு நெகட்டிவ் என்று வந்தால் அதையும் சொல்லலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கூடவே இன்னொன்று. வீட்டில் செய்யும் ரேபிட் டெஸ்ட் முதல் நாள் நெகட்டிவ் காட்டிவிட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து பாசிட்டிவ் காட்டுவது சாதாரணம். ஒருமுறை நெகட்டிவ் வந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு விசேஷத்துக்குக் கிளம்பக் கூடாது.

சொன்னதால் உலகம் தெரிந்துகொண்டதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் உதாரணம் ஒன்று உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற பகுதியில் ஒரு சேர்ந்திசைக் குழு பாடிப் பழகக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். அவர்களில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கும் என்று முடிவு செய்யப்பட்டது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். எந்தக் குழுவும் வெளியே சொல்லக் கூசுகிற விஷயம் அது. ஆனால் சில நாட்களிலேயே குழுவை நடத்துபவர் எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார், உறுப்பினர் ஒருவர் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார், விசாரிக்க வந்தவர்களுக்கு யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னார்கள். கையைக் கழுவினால் போதும், தொடாமல் இருந்தால் போதும் என்று நாம் எல்லோரும் மளிகைப் பையைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மூடிய அறையில் காற்று வழியாகவும் இது பரவும் என்று வாதிட்டவர்களுக்கு இந்தக் குழுவின் அனுபவம் முக்கியமான சான்றாக இருந்தது. அந்த ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்று வழிப் பரவலைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாகவே எழுதினார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த அறிவில் அந்தப் பாடகர்களின் பங்கு இருக்கிறது.

சொன்னவர்களுக்கு நன்றி கிடைத்த கதைகள் குறைவு. சொன்னவர்கள் தலையில் பழி விழுந்த கதைகள்தான் அதிகம், அதுவும் இன்று நேற்றல்ல. 1918இல் உலகைப் புரட்டிப்போட்ட ஃப்ளூவை இன்றுவரை 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்கிறோம். அது ஸ்பெயினில் தொடங்கவில்லை. முதல் உலகப் போரில் சண்டையிட்ட நாடுகள் செய்தியைத் தணிக்கை செய்தன, போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் தங்கள் மன்னர் உட்பட மக்கள் காய்ச்சலில் விழுவதை அப்படியே எழுதின. உண்மையை எழுதிய நாட்டின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. இப்படி ஓர் ஊரோ மக்களோ பழி சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் நோய்களுக்கு இடப்பெயர் வைக்காதீர்கள் என்று வழிமுறை வகுத்தது, 2020 பிப்ரவரியில் 'கோவிட்-19' என்று பெயர் வைத்தபோதும் அதைத்தான் பின்பற்றியது.

பெயரை மாற்றிவிட்டார்கள், பழக்கம் மாறவில்லை. 2019 டிசம்பர் 30 அன்று சீனாவின் வூஹானில் கண் மருத்துவர் லி வென்லியாங் தன் பழைய வகுப்புத் தோழர்கள் குழுவில் எச்சரிக்கை எழுதினார். சில நாளில் போலீஸ் கூப்பிட்டுக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. 2020 பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். அந்தக் கண்டிப்பை மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்து உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள், இரண்டு நாளில் அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் வந்தது, அதே வேகத்தில் பல நாடுகள் அடுத்தடுத்து அவர்களுடைய விமானங்களுக்குக் கதவை மூடின. கொஞ்ச நாளில் நெதர்லாந்து என்ன சொன்னது தெரியுமா? நவம்பர் 19 அன்று அங்கே எடுத்த சளி மாதிரியிலேயே ஓமிக்ரான் இருந்தது என்று. ஏற்கெனவே கதவுக்குள்ளே இருந்ததை வெளியே நிறுத்தப் பார்த்து, கூப்பிட்டு எச்சரித்தவரைத் தண்டித்திருக்கிறார்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டின் ஆய்வகத்தில் விசித்திரமான ஒன்று தெரிந்தால் அந்த நாடு சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷமாவது யோசிக்காதா? நாடுகளும் எங்கள் அலுவலகக் குழுவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

மாற்றிச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் தென்கொரியாவில் நோயாளி எந்தக் கடைக்குப் போனார், எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்றெல்லாம் எல்லோர் போனுக்கும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பெயர் இல்லை, ஆனால் வயதும் நேரமும் இடமும் இருந்தால் தெரிந்தவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவருக்குக் கள்ள உறவு இருக்கிறதா என்றுகூட இணையத்தில் ஆராய்ந்தார்கள். அப்போது சியோல் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய கருத்துக்கணிப்பில், நோய் வருவதைவிட நோய் வந்தால் கிடைக்கும் வசவுக்கே மக்கள் அதிகம் பயந்தார்கள் என்று தெரியவந்தது. அப்புறம் மே மாதம் சியோலின் இதேவோன் பகுதியின் இரவு விடுதிகளில் தொற்று பரவியது. அவற்றில் சில தன்பாலீர்ப்பாளர்கள் போகும் இடங்கள் என்று ஊடகங்கள் எழுத, அங்கே போயிருந்த ஆயிரக்கணக்கானோர் போனை எடுக்கவில்லை. வேலை போய்விடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும். சியோல் நகர நிர்வாகம் மிரட்டலோடு நிற்காமல் ஒரு காரியம் செய்தது. பெயர் வேண்டாம், போன் நம்பர் மட்டும் போதும், வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தது. கூட்டம் வந்தது, பரிசோதனை எண்ணிக்கை ஏறியது, 200க்கும் மேற்பட்ட தொற்றோடு அந்தத் தொடர் அடங்கியது. எங்கே போனாய், ஏன் போனாய் என்ற கேள்வியை விட்டுவிட்டதால்தான் அது நடந்தது.

நம் பக்கம் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச் 22 மாலை மருத்துவப் பணியாளர்களுக்காக நாடே கைதட்டியது, அதே வாரத்தில் மருத்துவர்களையும் நர்ஸ்களையும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகளும் வந்தன. ஏப்ரல் 19 இரவு சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது, சக மருத்துவர் ஒருவர் ஊழியர்களோடு திரும்பப் போய்த் தானே மண்ணைத் தள்ளி மூட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு, அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நோயாளி வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட நோட்டீஸ்கள் ஞாபகம் இருக்கும். அந்த நோட்டீஸ்களுக்கு எதிரான வழக்கை விசாரித்தபோது, ஒட்டியதும் அந்த வீட்டார் தீண்டத்தகாதவர்களைப்போல நடத்தப்படுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது, 2020 டிசம்பர் 9 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தகுதியுள்ள அதிகாரி உத்தரவிட்டால் தவிர இப்படி ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வாசலில் காகிதம் ஒட்டுவது அக்கம்பக்கத்தைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்த பக்கத்துத் தெருக்காரர் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்? பரிசோதனைக்கே போகமாட்டார். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பார். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலும், மூச்சுத்திணறல் உடனே தெரியாத நோய் இது என்பதால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். மறைப்பவர் முதலில் தன்னைத்தான் பலி கொடுக்கிறார். வைரஸைக் கட்டுப்படுத்தும் பாக்ஸ்லோவிட் மாதிரி மருந்துகளை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் எடுக்க வேண்டும். மறைத்துக் கழித்த நாட்களை மருந்து திருப்பித் தராது.

இதெல்லாம் அரசு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இல்லையா என்று கேட்பீர்கள். தொற்று குறைவாக இருக்கும்போது சரி. அலை எழும்போது முதலில் முறிவது தொடர்புகளைத் தேடும் அந்த ஏற்பாடுதான். ஒரு நாளைக்கு நூறு பேர் என்றால் ஊழியர்கள் உட்கார்ந்து போன் செய்வார்கள், பத்தாயிரம் பேர் என்றால் யார் செய்வது? 2022 பிப்ரவரியில், ஓமிக்ரான் அலைக்குப் பிறகு, இங்கிலாந்து வழக்கமான தொடர்புத் தேடலை நிறுத்தியது, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் எல்லோரையும் தேடும் முறையைக் கைவிடச் சொன்னது. போன் செயலிகள் வந்தன, அவற்றிலும் பாசிட்டிவ் ஆனவர் தானாக முன்வந்து பதிவு செய்தால்தான் மற்றவர்களுக்குத் தகவல் போகும் என்ற வகைதான் பல. ஆக எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரு மனிதர் வாய் திறந்து சொல்வதில்தான் வந்து நிற்கிறது. யாரோடு சாப்பிட்டோம், யாரோடு காரில் போனோம் என்று அவரவருக்குத்தான் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. காய்ச்சல் என்று தெரிந்தே மாஸ்க் இல்லாமல் கூட்டத்துக்குப் போனவர் மேல் கோபப்படக் கூடாதா? படலாம், நானும் படுகிறேன். அவர் செய்தது தவறுதான், அவரால் வீட்டில் ஒருவரை இழந்தவரிடம் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த ஒருவருக்காக எல்லோரையும் சந்தேகத்தோடு விசாரித்தால் பொறுப்பானவர்கள்தான் வாயை மூடிக்கொள்வார்கள். தெரிந்தே போனவர் எப்படியும் சொல்லப் போவதில்லை.

வெட்கத்தால் மறைப்பவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். சம்பளம் போய்விடுமே என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் உபதேசம் பேசிப் பயனில்லை. பிரிட்டனில் 2020இலிருந்து தொடர்ந்து நடந்த ஓர் ஆய்வில், அறிகுறி வந்தும் முழுக்க வீட்டுக்குள் இருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. பணக்கஷ்டம் உள்ளவர்களுக்கும், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அது இன்னும் கடினமாக இருந்தது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டுத் தற்காலிகமாகச் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுத்தார்கள். அதனால் புதிதாக அந்த விடுப்பு கிடைத்த மாநிலங்களில், ஒரு மாநிலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 தொற்றுகள் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கூலியை நம்பி இருப்பவரிடம் ஏன் வந்தாய் என்று கேட்பவர், வராமல் இருந்தால் அன்றைய கூலியைத் தருவாரா? நீங்கள் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவராக இருந்தால், வீட்டில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவராக இருந்தால், "உடம்பு சரியில்லை என்றால் வராதே, சம்பளத்தைப் பிடிக்கமாட்டேன்" என்று அலை வருமுன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை அவர்கள் பிடிப்பீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

சரி, போன் செய்வது எப்படி? அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து இரண்டு நாள் பின்னால் போய் எண்ணுங்கள். அந்த நாட்களில் ஒரே அறையில் உங்களோடு கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஆறடி தூரம் என்று பழைய விதியில் இருந்தது, காற்றோட்டம் இல்லாத அறையாக இருந்தால் அந்த ஆறடியை நம்பாதீர்கள், அறையில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள், சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் இருக்கிற வீடுகளுக்கு முதலில். குரலில் சொல்வது நல்லது, முடியாவிட்டால் குறுஞ்செய்தி. நீண்ட மன்னிப்பெல்லாம் தேவையில்லை, அது கேட்பவரையும் சங்கடப்படுத்தும். "அக்கா, எனக்கு இன்று பாசிட்டிவ். நேற்று ராத்திரிதான் காய்ச்சல் ஆரம்பித்தது. முந்தாநாள் உங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் இன்றிலிருந்தே மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மாமாவிடமிருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து டெஸ்ட் எடுங்கள்" என்றால் போதும். நாள், நேரம், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன.

இந்த போனை எடுப்பவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியதாகப் படுகிறது. பயம் வரும், வயிறு கலங்கும், வீட்டில் இருக்கிற அம்மாவின் முகம் கண்முன் வரும். ஆனாலும் முதல் வாக்கியமாக "சொன்னதற்கு நன்றிப்பா" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அப்புறம் காய்ச்சல் எவ்வளவு, தனியாகவா இருக்கிறாய், மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பதில் அந்த ஒருவரோடு நிற்காது. குழுவில் இருக்கிற மற்றவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்து யாருக்கு வந்தாலும் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வீட்டில் பிள்ளைகள் காதில் விழும்படி "அவனால்தான் வந்தது" என்று பேசாதீர்கள், பள்ளியில் போய் அந்த வீட்டுக் குழந்தையிடம் அதை அப்படியே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வேண்டுகோள். பாசிட்டிவ் என்று சொன்ன அன்று நூறு பேர் விசாரிப்பார்கள், நான்காம் நாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்த நோயில் நிலைமை மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்தின் கடைசியில்தான் மோசமாகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, தேறிவிட்டேன் என்று நினைக்கும்போது மூச்சு வாங்கத் தொடங்கும். அதனால் தனியாக இருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள்வரை தினமும் ஒருமுறை கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறாய் என்றால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில் வரும், அதனால் குறிப்பாகக் கேளுங்கள். கொஞ்சம் நடந்த பிறகு ஆக்சிமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, நெஞ்சில் பாரமாக இருக்கிறதா, குழப்பமாகவோ எழுப்பினாலும் தூக்கக் கலக்கமாகவோ இருக்கிறாரா. இவற்றில் ஒன்றிரண்டு சரியில்லை என்றாலும் காலைவரை பார்க்கலாம் என்று விடாமல் அன்று ராத்திரியே மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள்.